தலைப்பிலிருந்து தொடங்குவோம்: இணைய நாளிதழ் வழியே ஆங்கில வாசிப்பு

பாடநூலில் உள்ள ஆங்கிலப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கும் மாணவர், அதே அளவு எளிமையான வேறொரு பத்தியைக் கண்டதும் தயங்கி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாடநூல் பகுதியை ஆசிரியர் ஏற்கெனவே வாசித்துக் காட்டியிருப்பார். சொற்பொருளும் வினா விடையும் எழுதியாகிவிட்டிருக்கும். அங்கே வாசிப்பாகத் தோன்றுவதில் பெரும்பகுதி நினைவுகூர்தல்தான். புதிய பத்தியில் அந்தத் துணை இல்லை. ‘இது எனக்குப் புரியாது’ என்ற முடிவுக்கு மாணவர் முதல் வரியிலேயே வந்துவிடுகிறார்.

இந்த முடிவு தேர்வறையோடு நிற்பதில்லை. கல்வி உதவித்தொகை அறிவிப்பு, வேலைவாய்ப்பு விளம்பரம், மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம் என்று எதிர்ப்படும் ஒவ்வோர் ஆங்கிலத் தாளையும் பிறரிடம் நீட்டும் பழக்கமாக அது வளர்கிறது. எனவே, முன்பின் பார்த்திராத ஆங்கிலப் பகுதியைத் தானே வாசித்துப் புரிந்துகொண்டேன் என்ற அனுபவம் ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியிலேயே பலமுறை கிடைக்க வேண்டும். நாள்தோறும் புதிய பகுதிகளைத் தரும் எளிய வாயில் நாளிதழ். அது இன்று நம் கைப்பேசியிலும் திறன்மிகு வகுப்பறையின் திரையிலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினியிலும் திறக்கிறது. 1878-ல் சென்னையில் வார இதழாகத் தொடங்கி 1889-ல் நாளிதழான ‘தி இந்து’, 1995-லேயே இணையத்திற்கு வந்துவிட்டது. வாயில் திறந்திருக்கிறது, குழந்தைகளை எந்தப் படியில் ஏற்றுவது என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

நாளிதழ் ஏன் கடினமாகத் தெரிகிறது?

ஆங்கில நாளிதழை அப்படியே மாணவர் கையில் கொடுத்தால் பயன் கிடைக்காது. இதற்கு ஆய்வு அடிப்படை உண்டு. மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷனும் அவருடன் ஆய்வு செய்த ஹூவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதைப் பகுதியைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டனர். ஐந்தில் ஒரு சொல் தெரியாதபோது எவராலும் போதிய அளவு புரிந்துகொள்ள முடியவில்லை. நாளிதழ் போன்ற உரைகளில் அந்த 98 விழுக்காட்டை எட்ட 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்று 2006-ல் நேஷன் மதிப்பிட்டார்.

நம் மாணவர்களின் சொல்வளம் இதைவிட மிகக் குறைவு. பிரிக்கப்படாத வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், இந்திய மாணவருக்கு ஆங்கிலத்தில் முதலில் தேவைப்படுவது வாசிப்புத் திறனே என்று வாதிட்டவர். அவர் 1953-ல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள் உள்ளன. பொதுவான ஆங்கில உரையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அந்தச் சொற்களே நிரப்பிவிடும். ஆனால் 80 விழுக்காடு என்பது ஐந்தில் ஒரு சொல் தெரியாத நிலை. மாணவர் திணறுவது சோம்பலால் அல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

அப்படியானால் நாளிதழை விட்டுவிடலாமா? தேவையில்லை. செய்திக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. அவை இந்த இடைவெளியைக் குறைக்கின்றன.

முதலாவது, முன்னறிவு. தொலைக்காட்சியிலும் வீட்டுப் பேச்சிலும் தமிழில் கேட்ட செய்தியையே மாணவர் ஆங்கிலத்தில் காண்கிறார். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் சொல்லை ஊகிக்க முடிகிறது.

இரண்டாவது, பெயர்களும் எண்களும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், தேதி, தொகை ஆகியவை செய்தியில் நிறைந்திருக்கும். அவற்றுக்கு அகராதி வேண்டியதில்லை.

மூன்றாவது, நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள். கலெக்டர், ரேஷன், ஸ்டிரைக், பட்ஜெட், மீட்டிங், டிராஃபிக், ஆக்ஸிடென்ட் என்று ஒரு குழந்தை பேச்சில் கேட்டறிந்த சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். காதுக்குப் பழகிய இச்சொற்களைக் கண்ணுக்கும் பழக்கினால் போதும். இதன் மறுபக்கமாக ஜல்லிக்கட்டு, கோலம், பஞ்சாயத்து போன்ற நம் சொற்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருப்பதைக் காணும் குழந்தைக்கு அந்தப் பக்கம் அந்நியமாகத் தெரியாது.

நான்காவது, செய்தியின் அமைப்பு. முக்கியமான தகவல் முதல் பத்தியிலேயே வந்துவிடும். விவரங்கள் படிப்படியாகக் கீழே இறங்கும். தலைகீழ்ப் பிரமிடு எனப்படும் இந்த அமைப்பினால், முதல் பத்தியை மட்டும் வாசித்த மாணவருக்கும் செய்தியின் சாரம் கிடைத்துவிடும். கதையை முதல் பத்தியோடு நிறுத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். செய்தியை அங்கே நிறுத்தலாம்.

தலைப்புக்குத் தனி இலக்கணம்

இலக்கணப் பாடத்தில் நன்றாகத் தேறிய மாணவரும் நாளிதழின் தலைப்பில் தடுமாறுவார். தலைப்பின் விதிகள் வேறு. அவற்றை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

நடந்து முடிந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். ‘குகேஷ் வின்ஸ்’ என்றால் அவர் வென்றுவிட்டார் என்று பொருள். இனி நடக்கப்போவதை ‘டு’ சேர்த்துச் சொல்வார்கள். ‘சி.எம். டு விசிட் மதுரை’ என்றால் முதலமைச்சர் மதுரை செல்லவிருக்கிறார். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவையும் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ ஆகியவையும் பெரும்பாலும் விடப்படும். ஆகவே ‘டூ ஹெல்ட்’ என்பதை ‘இருவர் கைது செய்யப்பட்டனர்’ என்று விரித்துப் படிக்க வேண்டும்.

தலைப்புக்கென்றே சில குறுஞ்சொற்களும் உள்ளன. ‘நாட்’ என்றால் ஒப்புதல், ‘ரோ’ என்றால் சர்ச்சை, ‘ப்ரோப்’ என்றால் விசாரணை, ‘ஹைக்’ என்றால் உயர்வு, ‘டோல்’ என்றால் உயிரிழந்தோர் எண்ணிக்கை, ‘பிட்’ என்றால் முயற்சி. இந்திய நாளிதழ்களில் ‘சென்டர்’ என்பது ஒன்றிய அரசைக் குறிக்கும். ‘டேங்க்’ என்பது பல இடங்களில் ஏரி, குளத்தைக் குறிக்கும். இத்தகைய முப்பது சொற்களை ஒரு தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினால், ஒரு மாதத்திற்குள் மாணவர்கள் அந்தப் பட்டியலைத் தாங்களே நீட்டிக்கத் தொடங்குவர்.

தலைப்பை முழு வாக்கியமாக விரித்து எழுதுவது நல்ல இலக்கணப் பயிற்சி. காலம், செயப்பாட்டு வினை, சுட்டிடைச் சொற்கள் ஆகியவற்றை வெறும் பயிற்சி வாக்கியங்களில் திருத்துவதைவிட, அன்றைய செய்தித் தலைப்பில் விடுபட்டவற்றை நிரப்புவது மாணவருக்குப் புதிர் விடுவிப்பது போல் இருக்கும்.

ஒரே செய்தியைத் தொடர்ந்து வாசித்தல்

நாளொரு புதிய செய்தி கொடுத்தால் நாள்தோறும் புதிய சொற்கூட்டத்தோடு மாணவர் போராட வேண்டும். அதற்கு மாற்றாக, ஒரே பொருள் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கச் செய்யலாம். ‘நாரோ ரீடிங்’ என்ற பெயரில் ஸ்டீபன் கிராஷென் 1981-ல் முன்வைத்த கருத்து இது. பொருள் மாறாதபோது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னறிவும் நாளுக்கு நாள் கூடுகிறது. முதல் செய்தி கடினமாகவும், ஐந்தாவது செய்தி எளிதாகவும் தோன்றும். இந்த வேறுபாட்டை மாணவர் தானே உணர்கிறார். தன்னம்பிக்கை வளர்வது இந்த இடத்தில்தான்.

அச்சு நாளிதழில் இதற்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். இணைய நாளிதழில் பழைய செய்திகளைத் தேடி எடுத்து வரிசைப்படுத்திவிடலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டி நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த டி. குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் மோதினர். மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். நான்கு முதல் பத்து வரை ஏழு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. பதினொன்றில் குகேஷ் வென்றார்; பன்னிரண்டில் டிங் பதிலடி கொடுத்தார். பதின்மூன்று மீண்டும் சமம். கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷ் வென்று, 7.5–6.5 என்ற புள்ளிக்கணக்கில், 18 வயதில் உலக வாகையரானார். 1985-ல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனையை அவர் முறியடித்தார்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆயினும், தோல்வியில் தொடங்கி வெற்றியில் முடியும் இந்த வரலாற்றை நாள் வாரியாகப் பின்தொடர மாணவர்கள் விரும்புவர். எல்லா ஆட்டங்களும் வேண்டாம். 1, 3, 11, 12, 14 ஆகிய ஐந்து ஆட்டங்களின் செய்திகளை எடுத்துக்கொள்வோம். ‘மூவ்’, ‘டிரா’, ‘லீட்’, ‘லெவல்’, ‘ஒயிட் பீசஸ்’, ‘பிளாக் பீசஸ்’, ‘பிளண்டர்’, ‘டைம் பிரஷர்’, ‘டைட்டில்’ போன்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். முதல் செய்திக்கு ஒரு முழுப் பாடவேளை ஆகலாம். ஐந்தாவது செய்திக்குப் பதினைந்து நிமிடம் போதுமானதாக இருக்கும்.

இதே முறையில் சந்திரயான்-3 செய்திகளையும் தொகுக்கலாம். 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்டது முதல், ஆகஸ்ட் 5-ல் நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது, ஆகஸ்ட் 17-ல் தரையிறங்கு கலம் பிரிந்தது, ஆகஸ்ட் 23-ல் தரையிறங்கியது வரை நான்கு கட்டங்கள். அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர் என்பது நம் மாணவருக்குக் கூடுதல் ஈர்ப்பு. அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தத் தக்க பாடம் இது.

ஒரு பாடவேளைக்கான படிகள்

முதல் ஐந்து நிமிடம்: செய்தியைப் பற்றித் தமிழில் பேசச் செய்யுங்கள். யாருக்கு என்ன தெரியும் என்பது வெளிவரட்டும்.

அடுத்த ஐந்து நிமிடம்: தலைப்பையும் படத்தையும் பட விளக்கத்தையும் மட்டும் திரையில் காட்டுங்கள். செய்தியில் என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகங்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். சரி, தவறு சொல்ல வேண்டாம்.

அடுத்த பத்து நிமிடம்: முதல் இரண்டு பத்திகளை மௌனமாக வாசிக்கச் செய்யுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு வினாக்களுக்கு விடை தேடட்டும். விடையைத் தமிழில் சொல்லலாம். இங்கே நாம் அறிய விரும்புவது புரிந்ததா என்பதை; ஆங்கிலத்தில் பேச வருகிறதா என்பதை அன்று. இரண்டையும் ஒன்றாக அளந்தால், புரிந்துகொண்ட குழந்தையும் வாய்மூடி இருக்கும்.

அடுத்த பத்து நிமிடம்: எண்கள், பெயர்கள், இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. வரிவரியாகப் படிக்காமல் கண்ணை ஓடவிட்டுத் தேவையானதைப் பிடிக்கும் தேடல் வாசிப்புக்கு இது பயிற்சி.

அடுத்த பத்து நிமிடம்: தெரியாத சொற்கள். ஒரு செய்திக்கு ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். முதலில் சூழலிலிருந்து ஊகிக்கட்டும். பிறகு அகராதி பார்க்கட்டும். எந்தச் சொல் தெரியாவிட்டாலும் செய்தி புரிகிறது என்று கேளுங்கள். அந்தச் சொல்லைத் தாண்டிச் செல்லும் துணிவும் வாசிப்புத் திறனே.

இறுதியில்: முதலில் எழுதிய ஊகங்களோடு செய்தியை ஒப்பிட்டு, ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதச் செய்யுங்கள்.

வகுப்புக்கேற்ற தேர்வு

தொடக்க வகுப்புகளுக்கு வானிலைச் செய்தி மிகப் பொருத்தம். வாக்கியங்கள் சிறியவை, அதே தொடர்கள் நாள்தோறும் வரும். அவற்றுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுத்த பொருளும் உண்டு. ‘ஹெவி ரெயின்’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை, ‘வெரி ஹெவி ரெயின்’ என்றால் 204.4 மி.மீ. வரை, அதற்கு மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. மஞ்சள் எச்சரிக்கை விழிப்புடன் இருக்கவும், ஆரஞ்சு தயாராக இருக்கவும், சிவப்பு செயலில் இறங்கவும் சொல்கிறது. நான்காம் வகுப்புக் குழந்தை வரைபடத்தில் தன் மாவட்டத்தின் பெயரையும் நிறத்தையும் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வாசிப்புச் செயல்பாடு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளி விடுமுறைச் செய்தியை ஆங்கிலத்தில் தேடச் சொன்னால் ஆர்வத்தைத் தூண்ட வேறெதுவும் வேண்டியதில்லை.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு விளையாட்டு, விலங்குகள், விண்வெளி, உள்ளூர் நிகழ்ச்சிகள் ஏற்றவை. நாளிதழின் நடை கடினமாக இருந்தால் ‘நியூஸ் இன் லெவல்ஸ்’ போன்ற தளங்களைப் படிக்கல்லாகக் கொள்ளலாம். அங்கே ஒரே செய்தி மூன்று நிலைகளில் எழுதப்பட்டிருக்கும். எளிய வடிவை வாசித்தபின் அடுத்த நிலைக்குச் செல்லும் மாணவருக்குப் பொருள் முன்பே தெரிந்திருக்கும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தொடர் செய்திகளும், ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு நாளிதழ்களின் செய்திகளை ஒப்பிடுவதும் பொருந்தும். தலைப்பில் எதை முன்னிறுத்தினார்கள்? யாருடைய கூற்றைச் சேர்த்தார்கள்? எதை விட்டார்கள்? சில வேளைகளில் இரண்டிலும் வாசகங்கள் அப்படியே ஒத்திருக்கும். பி.டி.ஐ. போன்ற செய்தி நிறுவனத்திடமிருந்து இரண்டு நாளிதழ்களும் பெற்ற செய்தி அது என்பதை விளக்கலாம். மேல்நிலை வகுப்புகளில் செய்தியையும் தலையங்கத்தையும் அருகருகே வைத்து, தகவல் எது, கருத்து எது என்று பிரித்தறியச் செய்யலாம்.

தன்னம்பிக்கை வளர

காலை வணக்கக் கூட்டத்தில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உள்ளது. பெரும்பாலும் நன்றாக வாசிக்கும் ஒருவரோ இருவரோதான் ஆண்டு முழுவதும் வாசிக்கிறார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வாய்ப்பை முறைவைத்து எல்லோருக்கும் அளியுங்கள். தயங்கும் குழந்தைக்கு இரண்டு வரிச் செய்தி போதும். முந்தைய நாளே அதைத் தேர்ந்தெடுத்துத் தோழர் ஒருவரோடு சேர்ந்து பழகட்டும். பல உலாவிகளில் உள்ள உரக்க வாசிக்கும் வசதியின் துணையால் உச்சரிப்பைக் கேட்டுப் பழகலாம். வாசிக்கும்போது இடையில் நிறுத்தித் திருத்தாதீர்கள். திருத்தம் பிறகு, தனியே, ஒன்றோ இரண்டோ போதும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியை ஒப்படைக்கலாம்: வானிலைக் குழு, விளையாட்டுக் குழு, அறிவியல் குழு, நம் மாவட்டக் குழு. ஒரு பருவம் முழுவதும் அதே பகுதி. அந்தத் துறையின் சொற்களில் மற்றவரைவிடத் தேர்ந்தவர் என்ற பெருமிதம் குழுவுக்குக் கிடைக்கும். ஆங்கிலத்தில் பின்தங்கிய மாணவர் கிரிக்கெட்டை நன்கு அறிந்தவராக இருந்தால், விளையாட்டுச் செய்தியில் அவர்தான் வகுப்புக்கு வழிகாட்டி.

ஒவ்வொருவரும் ஒரு சிறு செய்திக் குறிப்பேடு வைத்திருக்கட்டும். தேதி, தலைப்பு, புரிந்ததைக் கூறும் ஒரு வாக்கியம், கற்ற ஐந்து சொற்கள். மதிப்பெண் வேண்டாம். மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று கடினமாக இருந்த செய்தியை இன்று எளிதாக வாசிக்க முடிவதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

கவனிக்க வேண்டியவை

செய்தியை வகுப்புக்குக் கொண்டுவருமுன் ஆசிரியர் முழுவதும் வாசித்துவிட வேண்டும். குற்றம், விபத்து, தற்கொலை தொடர்பான செய்திகளைத் தவிர்ப்போம். நாளிதழ் வலைப்பக்கத்தில் விளம்பரங்களும் தொடர்பற்ற இணைப்புகளும் வரும். உலாவியின் வாசிப்பு முறையில் திறந்தால் அவை மறைந்து எழுத்து மட்டும் தெரியும். எழுத்தின் அளவையும் பெரிதாக்கலாம்.

மொழிபெயர்ப்புப் பொத்தானை முதலில் அழுத்த விடாதீர்கள். வாசித்து முடித்தபின் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். தலைப்புகளை இயந்திரம் தவறாக மொழிபெயர்ப்பதுண்டு. அந்தத் தவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்வதே சுவையான பயிற்சி.

புலனக் குழுக்களில் சுற்றும் செய்திப் படங்களை நாளிதழ்ச் செய்தியாகக் கொள்ளக் கூடாது. செய்தி எந்த நாளிதழில், எந்த நாளில், எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துவோம்.

சில நாளிதழ்கள் முழுச் செய்திக்குக் கட்டணம் கேட்கின்றன. இலவசமாகக் கிடைப்பவையே நம் தேவைக்குப் போதும். கற்பித்தலின்போது ஆசிரியர் ஒரு படைப்பைப் படியெடுத்துப் பயன்படுத்த 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52-ல் இடமளிக்கிறது. ஆயினும் நாளிதழின் பெயரையும் தேதியையும் எழுதிக் காட்டுவது நாம் கற்பிக்க வேண்டிய நேர்மை.

திரையோ இணைய இணைப்போ இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம். ஆசிரியர் தம் கைப்பேசியில் கண்ட ஒரு தலைப்பையும் முதல் பத்தியையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் தொடங்கிவிடும். வாரத்திற்கு இரண்டு பாடவேளை, ஒரு பருவத்திற்கு மூன்று தொடர் செய்திகள் என்று சிறிய அளவில் தொடங்குவோம். நாளைய வகுப்பிற்கு ஒரே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் விடுபட்ட சொற்களை மாணவர்கள் நிரப்பட்டும்.